வேரை அறிந்து கன்றைத் தேர்ந்தெடுப்போம்

நுழையும்முன்

ஆடி மாதம் பிறந்ததும் இமாசலப் பிரதேசத்து ஆப்பிளும், புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் காஷ்மீர் ஆப்பிளும் நகரங்களின் பழச்சந்தைகளுக்கு வந்து குவிகின்றன. நிறம், மணம், சுவை ஆகியவற்றைப் பார்த்து நாம் பழம் வாங்குகிறோம். ஆனால், ஆப்பிள் பயிரிடும் உழவர் கன்று வாங்கும்போது பழத்தைப் பார்க்க இயலாது. இலைகூட இல்லாத ஒரு குச்சியையும் அதன் அடியில் உள்ள வேரையும் பார்த்தே அவர் முடிவெடுக்க வேண்டும். அம்முடிவு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அவர் குடும்பத்தின் வாழ்வோடு பிணைந்திருக்கும். அந்த முடிவை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஒரு மரம், இரண்டு செடிகள்

மாணவர்களே! இனிப்பான ஆப்பிள் ஒன்றின் விதையை நட்டால் அதே இனிப்புள்ள பழம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. ஆப்பிள் பூ, தன் மரத்து மகரந்தத்தால் பொதுவாகக் காய்ப்பதில்லை. வேறொரு வகை மரத்தின் மகரந்தம் தேனீக்களால் வந்து சேர்ந்தால்தான் நன்கு காய்க்கும். ஆகவே, ஒவ்வொரு விதையிலும் இரு வேறு மரங்களின் பண்புகள் கலந்துள்ளன. அவ்விதையிலிருந்து வளரும் மரம் புளிப்பாகவோ சிறிதாகவோ காய்க்கக்கூடும்.

எனவே, உழவர்கள் ஒட்டுக்கட்டும் முறையைப் பின்பற்றுகின்றனர். மண்ணுக்குள் வேரூன்றி நிற்கும் செடி வேர்ச்செடி எனப்படும். நல்ல பழம் தரும் மரத்திலிருந்து வெட்டி எடுத்து அதன்மேல் பொருத்தப்படும் குச்சி ஒட்டுத்தண்டு எனப்படும். இரண்டின் பட்டைக்கடியில் உள்ள வளரும் திசுக்கள் ஒன்றோடொன்று படும்படி இணைத்துக் கட்டினால், அவை கூடி ஒரே மரமாக வளர்கின்றன.

இவ்வாறு உருவான மரத்தில் பழத்தின் நிறத்தையும் சுவையையும் முடிவு செய்வது ஒட்டுத்தண்டு. மரத்தின் உயரம், எத்தனை ஆண்டுகளில் காய்க்கும் என்பது, வறட்சியையும் வேர்நோயையும் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பெரிதும் முடிவு செய்வது வேர்ச்செடி. கண்ணுக்குத் தெரியும் பாதிக்குப் பெயரும் புகழும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பாதியே தோட்டத்தைத் தாங்குகிறது.

கோட்கடில் தொடங்கிய மாற்றம்

இமயமலைச் சரிவுகளில் ஆப்பிள் தோட்டங்கள் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1870 ஆம் ஆண்டில் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோல் என்னும் ஊரில் ஆப்பிள் தோட்டம் அமைத்தார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1882 ஆம் ஆண்டில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1904 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, சிம்லாவை அடுத்த கோட்கட் பகுதியில் குடியேறினார். அவர் 1916 ஆம் ஆண்டில் ‘ரெட் டெலிசியஸ்’ என்னும் இனிப்பு வகைக் கன்றுகளை அமெரிக்க நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து தருவித்து நட்டார். அண்டை உழவர்களுக்கும் கன்றுகளைக் கொடுத்து வளர்க்கும் முறையைக் கற்பித்தார். பின்னாளில் சத்தியானந்த ஸ்டோக்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர், விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மலைப்பகுதியில் பிற்காலத்தில் நடப்பட்ட தோட்டங்களில் பெரும்பாலான மரங்கள், காட்டு ஆப்பிள் போன்றவற்றின் விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடிகளின்மீது ஒட்டப்பட்டவை. அவை ஓங்கி வளர்ந்து பல்லாண்டுகள் பலன் தந்தன. இன்று அவற்றுள் பல முதுமை அடைந்துவிட்டன. அவற்றை அகற்றிவிட்டுப் புதிய கன்றுகளை நட வேண்டிய காலம் பல குடும்பங்களுக்கு வந்துள்ளது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், வீட்டின் மருத்துவச் செலவும், திருமணச் செலவும் அந்த மரங்களிலிருந்தே வருகின்றன. ஆகையால், எந்தக் கன்றை, எங்கிருந்து வாங்குவது என்பது அவர்களுக்கு மிகப் பெரிய கேள்வியாக உள்ளது.

குளிரும் மரமும்

ஆப்பிளுக்குக் குளிர் தேவை. இலையுதிர்ந்தபின் மரம் உறக்கநிலைக்குச் செல்கிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் குறிப்பிட்ட அளவு நேரம் இருந்தால்தான் மொட்டுகள் அவ்வுறக்கத்திலிருந்து ஒழுங்காக விழித்தெழும். இதனைக் குளிர்நேரம் என்பர். ‘டெலிசியஸ்’ வகைகளுக்கு இது ஏறத்தாழ 1000 மணி நேரம் வரை அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். இசுரேல் நாட்டில் உருவாக்கப்பட்ட ‘அன்னா’ என்னும் வகைக்கு ஏறத்தாழ 300 மணி நேரமே போதும். குளிர்நேரம் குறைந்தால் மொட்டுகள் ஒரே காலத்தில் மலராமல் முன்னும் பின்னுமாக மலரும். காய்ப்பும் குறையும்.

குளிர் தேவைதான். ஆயினும், அளவுக்கு மிஞ்சிய குளிர் மரத்தைக் கொல்லவும் கூடும். மரத்தின் தண்டு தாங்கும் குளிரை வேர் தாங்குவதில்லை. தரையை மூடியிருக்கும் வெண்பனி ஒரு போர்வைபோல் இருந்து வேரைக் காக்கிறது. பனிப்போர்வை இல்லாத ஆண்டில் வெறும் தரை ஆழம்வரை உறைந்துவிட்டால், குளிர் தாங்காத வேர் மடிந்துபோகும். மேலே உள்ள வகை எவ்வளவு உறுதியானதாயினும் அதனால் பயன் இல்லை.

காலநிலை வெப்பமடைந்து வருவதால் ஆப்பிள் பயிர் கின்னௌர், ஸ்பிதி போன்ற உயரமான பள்ளத்தாக்குகளை நோக்கி நகர்ந்து வருகிறது. அங்கே குளிர்நேரம் மிகுதி. கடுங்குளிரால் வேருக்கு நேரக்கூடிய இடரும் மிகுதி. ஆகவே, ஓர் ஊருக்குப் பொருந்திய கன்று மற்றோர் ஊருக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

வேர்ச்செடிகளின் வகைகள்

வேர்ச்செடிகள் இருவகைப்படும். ஒன்று, விதையிலிருந்து முளைப்பது. இதன் வேர் ஆழமாகச் செல்லும். மரம் உயரமாக வளரும். ஊன்றுகோல் தேவையில்லை. ஆனால், நன்கு காய்க்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒவ்வொரு விதையும் வேறுபடுவதால் மரங்களும் ஒரே சீராக அமைவதில்லை.

மற்றொன்று, பதியமிட்டுப் பெருக்கப்படுவது. தாய்ச்செடியைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டு, அதிலிருந்து கிளைக்கும் தளிர்களைச் சுற்றி மண் அணைப்பர். மண்ணுக்குள் வேர் விட்ட தளிர்களைப் பின்னர் வெட்டி எடுத்து நடுவர். இவை தாய்ச்செடியின் பண்பை மாற்றமின்றிக் கொண்டிருக்கும்.

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம், பெயர் குழம்பிக் கிடந்த பழைய ஐரோப்பிய வேர்ச்செடிகளைத் திரட்டி, ஆராய்ந்து, எண்ணிட்டு வகைப்படுத்தியது. ‘எம்’ என்னும் எழுத்து மாலிங் என்பதையும், ‘எம்எம்’ என்பது மாலிங், மெர்டன் ஆகிய இரு நிலையங்களின் கூட்டுமுயற்சியையும் குறிக்கும். அவற்றுள் மூன்றினை இங்குக் காண்போம்.

எம்9: இதில் ஒட்டிய மரம் ஏறத்தாழ 2 முதல் 3 மீட்டர் உயரமே வளரும். நட்ட இரண்டு, மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். இதன் வேர் மேலோட்டமானது, எளிதில் முறியக்கூடியது. எனவே, மரம் உள்ளவரை ஊன்றுகோலும் முறையான பாசனமும் தேவை. கம்பளி அசுவினி என்னும் பூச்சியும் இதனை எளிதில் தாக்கும்.

எம்எம்106: நடுத்தர உயரமுடையது. கம்பளி அசுவினியை எதிர்க்கும். விளைச்சல் மிகுதி. ஆனால், நீர் தேங்கும் மண்ணில் கழுத்து அழுகல் நோய்க்கு ஆளாகும்.

எம்எம்111: ஓரளவு உயரமாக வளரும். கம்பளி அசுவினியையும் வறட்சியையும் தாங்கும். காய்ப்பதற்குச் சற்றுக் காலம் எடுக்கும்.

கடுங்குளிர் நாடுகள் தமக்கேற்ற வேர்களைத் தேடிக்கொண்டன. சைபீரியக் காட்டு ஆப்பிள், சுழியத்திற்குக் கீழ் 40 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கவல்லது. ரஷ்யாவின் மிச்சூரின்ஸ்க் நகரில் புதகோவ்ஸ்கி என்னும் அறிவியலறிஞர் உருவாக்கிய பி9 என்னும் வேர்ச்செடி, எம்9 போன்று மரத்தைக் குட்டையாக்குவதோடு குளிரையும் நன்கு தாங்கும். அதன் இலைகள் செந்நிறமானவை. ஆகையால், நாற்றங்காலில் அதனை எளிதில் இனங்காணலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா என்னும் ஊரில் உருவாக்கிய ‘ஜெனிவா’ வரிசை வேர்ச்செடிகளுள் பல, நோய்களை எதிர்த்து நிற்பவை. பழைய ஆப்பிள் தோட்டத்து மண்ணிலேயே மீண்டும் ஆப்பிளை நட்டால் கன்றுகள் வளர்ச்சி குன்றும். இதனை மறுநடவு நோய் என்பர். அதனைத் தாங்கும் ஆற்றலும் அவ்வரிசையில் சிலவற்றுக்கு உண்டு.

நிலத்திற்கேற்ற வேர்

இவற்றுள் எது சிறந்தது? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. ‘என் நிலத்திற்கு எது சிறந்தது?’ என்று கேட்பதே முறையாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். விதைவழி வேர்ச்செடியில் ஒட்டிய மரங்களை 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் நட்டால் 277 மரங்கள் கொள்ளும். எம்9 மரங்களை வரிசைக்கு வரிசை 3 மீட்டரும், மரத்துக்கு மரம் 1 மீட்டரும் விட்டு நட்டால் 3,333 மரங்கள் கொள்ளும். இதனைக் கேட்டதும் எம்9 தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால், 3,333 கன்றுகளின் விலை, ஊன்றுகோல், கம்பி, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும். நீர்வளமும் முதலும் உள்ளவருக்கு அது ஆதாயம் தரும். மழையை மட்டும் நம்பிய செங்குத்துச் சரிவில் அதே கன்று கோடையில் வாடிவிடும். அத்தகைய நிலத்திற்கு எம்எம்111 அல்லது விதைவழி வேர்ச்செடியே பாதுகாப்பானது. நீர் வடியாத களிமண் நிலத்தில் எம்எம்106 ஐத் தவிர்ப்பது நல்லது.

மேலே ஒட்டும் வகையையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஓங்கி வளரும் வகைக்குக் குட்டையாக்கும் வேர் பொருந்தும். இயல்பாகவே மெதுவாக வளரும் வகையை எம்9 மீது வளமற்ற மண்ணில் நட்டால் மரம் போதிய அளவு வளராமல் நின்றுவிடும்.

நாற்றுப்பண்ணையைத் தேர்ந்தெடுத்தல்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. ஆப்பிள் கன்றைப் பொறுத்தவரை அது முழுமையாகப் பொருந்துவதில்லை. எம்9 மீது ஒட்டிய கன்றும் எம்எம்111 மீது ஒட்டிய கன்றும் இலையுதிர்ந்த நிலையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். நச்சுயிரி தாக்கிய கன்றும் நலமான கன்றுபோல் நிற்கும். வேறுபாடு தெரியும்போது நான்கைந்து ஆண்டுகள் கழிந்திருக்கும். பணத்தை மீண்டும் ஈட்டிவிடலாம்; கழிந்த ஆண்டுகளை மீட்க இயலாது. எனவேதான் கன்றைப் பார்ப்பதற்கு முன் நாற்றுப்பண்ணையைப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, பண்ணை பதிவு பெற்றதா என்று அறிய வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் பழக்கன்றுப் பண்ணைகளைப் பதிவு செய்வதற்கெனச் சட்டம் உள்ளது. தேசியத் தோட்டக்கலை வாரியமும் பண்ணைகளின் தரத்தை ஆய்ந்து ஏற்பளிக்கிறது.

இரண்டாவதாக, தாய்மரங்களைக் காட்டும்படி கேட்க வேண்டும். ஒட்டுத்தண்டு எந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது, அம்மரம் நச்சுயிரி ஆய்வுக்கு உட்பட்டதா, வேர்ச்செடி எங்கிருந்து வந்தது ஆகிய வினாக்களுக்குத் தெளிவாக விடை தரும் பண்ணையே நம்பத்தக்கது. ஆப்பிள் தேமல் நச்சுயிரி போன்றவை ஒட்டுக்கட்டும்போது ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். மருந்து தெளித்து அவற்றை நீக்க இயலாது. இக்காரணத்தால், நோயற்ற கன்றுகளை உழவர்களுக்கு வழங்கும் தூய்மைக் கன்றுத் திட்டத்துக்கு நடுவண் அரசு 2024 ஆகஸ்டு மாதத்தில் ரூ. 1,765.67 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்தது.

மூன்றாவதாக, பண்ணை அமைந்துள்ள இடத்தை நோக்க வேண்டும். பண்ணை எங்கிருந்தாலும் ஒரு வகையின் குளிர்த்தேவை மாறுவதில்லை. ஆனால், வெப்பமான தாழ்நிலத்துப் பண்ணையில் கன்றுகள் முன்கூட்டியே துளிர்த்துவிடும். துளிர்த்த கன்றைப் பனி விலகாத மலையில் நட்டால் தளிர் கருகிவிடும். நம் ஊரை ஒத்த தட்பவெப்பமுள்ள பண்ணையில் கன்று வாங்கினால் இவ்விடரைத் தவிர்க்கலாம்.

நான்காவதாகத்தான் கன்றைப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பகுதி நன்கு கூடியிருக்க வேண்டும். வெடிப்போ கசிவோ இருத்தல் கூடாது. சல்லிவேர்கள் நிறைந்திருக்க வேண்டும். வேரிலோ தண்டின் அடியிலோ கழலைபோன்ற வீக்கம் இருந்தால் அக்கன்றை ஒதுக்கிவிட வேண்டும். உயரமான கன்றே சிறந்தது என்று எண்ணுதல் தவறு. வேர் குறைந்த நெடிய கன்றைவிட, வேர் செறிந்த நடுத்தரக் கன்று விரைவில் வேரூன்றும். ஆப்பிள் கன்றுகள் பெரும்பாலும் மண்ணின்றி வெறும் வேரோடு விற்கப்படுவதால், வெயிலும் காற்றும் படாமல் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும்.

இறுதியாக, வகையின் பெயரும் வேர்ச்செடியின் பெயரும் குறித்த பற்றுச்சீட்டைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துக் கேள்வி எழும்போது அதுவே சான்றாக நிற்கும்.

நடும்போது ஒரு கவனம்

மரம் உறக்கநிலையில் உள்ள மார்கழி முதல் மாசி வரையிலான காலமே நடவுக்கு ஏற்றது. ஒட்டுப்பகுதி தரைக்கு ஒரு சாண் அளவாவது மேலே இருக்குமாறு நட வேண்டும். அப்பகுதி மண்ணுக்குள் புதைந்தால் ஒட்டுத்தண்டு தானே வேர் விட்டுவிடும். அதன்பின் வேர்ச்செடியின் ஆற்றல் பயனற்றுப் போகும். குட்டை மரம் என்று வாங்கியது நெட்டை மரமாக வளர்ந்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து தேர்ந்த வேரின் பயன் ஒரு சாண் மண்ணால் வீணாகிவிடும்.

தமிழ்நாட்டு மலைகளிலும் இப்பாடம் பொருந்தும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பேரி, பிளம்ஸ், பீச் போன்ற பழங்கள் விளைகின்றன. ஆயினும், அங்குக் குளிர்நேரம் இமயமலையை விடக் குறைவு. எனவே, சிம்லாவில் செழிக்கும் ‘டெலிசியஸ்’ கன்று அங்குச் சரிவரக் காய்ப்பதில்லை. குறைந்த குளிரே தேவைப்படும் வகைகளே அம்மலைகளுக்கு ஏற்றவை.

மண்ணையும் குளிரையும் நீரையும் நாம் விரும்பியவாறு மாற்ற இயலாது. அவற்றுக்கேற்ற வேரைத் தேர்ந்தெடுக்க நம்மால் இயலும். பழத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் வேரின் பெயரைக் கேட்கும் உழவரே நிலைத்த தோட்டத்தை உருவாக்குகிறார்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் இளம் பயிருக்கு ஒரே பெயர் இல்லை. நெல்லின் இளமையை நாற்று என்றும், மாமரத்தின் இளமையைக் கன்று என்றும், தென்னையின் இளமையைப் பிள்ளை என்றும், பனையின் இளமையை வடலி என்றும் வழங்குகிறோம். ஆப்பிளின் இளமையைக் கன்று என்பதே பொருத்தமாகும்.

சொல்லும் பொருளும்

ஒட்டுத்தண்டு – வேர்ச்செடியின்மேல் பொருத்தப்படும் குச்சி
திசு – ஒத்த உயிரணுக்களின் தொகுதி
பதியம் – கிளையை வேர்விடச் செய்து புதுச்செடி ஆக்கும் முறை
அசுவினி – செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி
நச்சுயிரி – வைரஸ்
சாண் – விரித்த கையில் பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையிலான அளவு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சாமுவேல் ஸ்டோக்ஸ் ‘ரெட் டெலிசியஸ்’ கன்றுகளைத் தருவித்த ஆண்டு ________.
2. செந்நிற இலைகளையுடைய, குளிர் தாங்கும் வேர்ச்செடி ________.
3. பனையின் இளமைப்பெயர் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஆப்பிளை விதையிலிருந்து வளர்த்தால் அதே சுவையுள்ள பழம் கிடைக்காதது ஏன்?
2. குளிர்நேரம் என்றால் என்ன?
3. வெண்பனி வேரை எவ்வாறு காக்கிறது?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. மழையை மட்டும் நம்பிய சரிவு நிலம் ஒன்றும், நீர்வளம் மிக்க சமநிலம் ஒன்றும் ஓர் உழவரிடம் உள்ளன. இரண்டிற்கும் எவ்வெவ் வேர்ச்செடிகளைப் பரிந்துரைப்பீர்கள்? காரணம் தருக.
2. ஒட்டுப்பகுதி மண்ணில் புதைந்தால் நேர்வது யாது?

ஈ. விரிவாக விடை தருக.
நல்ல நாற்றுப்பண்ணையைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குக.

கற்பவை கற்றபின்

நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள நாற்றுப்பண்ணைக்குப் பெரியவர்களுடன் செல்க. அங்குள்ள ஒட்டுக்கன்று ஒன்றின் ஒட்டுப்பகுதியை வரைந்து, பாகங்களைத் தமிழில் குறிக்க. உங்கள் சொந்த ஊரில் வளரும் பழமரங்களுள் எவை விதையிலிருந்தும், எவை ஒட்டிலிருந்தும் வளர்க்கப்படுகின்றன என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பட்டியலிடுக.